மறதி அவவுக்குத்தான்

அது நடந்தது 2005ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை. இடம், ஜேர்மனியின் தெற்கில், எர்லாங்கனிலிருந்து ரயில் ஏறினால் ஒரு பாட்டுக் கேட்டு முடிவதற்குள் இறங்கிவிடக்கூடிய ஒரு நகரத்தின் மருத்துவமனை. அதன் இரண்டாம் மாடியில் மறதி நோய்க்கென்று ஒரு பிரிவு இருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் நோயாளியும் இல்லை, வைத்தியரும் இல்லை. பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்துக்கொண்டு, துணைப்பாடமாக முதுமையியல் எடுத்திருந்த ஒரு மாணவி. அந்தப் படிப்புக்காகச் சில வாரங்கள் அங்கே பயிற்சியில் இருந்தேன்.

முதுமையியலை ஏன் எடுத்தாய் என்று கேட்டால் உண்மையான பதில் அவ்வளவு உயர்வானதல்ல. அந்த வகுப்புகள் பிற்பகலில் நடந்தன; எனக்குக் காலையில் எழும்ப விருப்பமில்லை. உள்ளே போன பிறகுதான் அது என்னைப் பிடித்துக்கொண்டது. காதில் முதலில் உதிர்வது உயர்ந்த ஒலிகள் என்று ஒரு நாள் சொன்னார்கள். குருவிகள் முதலில் மௌனமாகும், பிறகு குழந்தைகள், பிறகு பெண்கள், கடைசியில்தான் ஆண்கள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மரங்களின் கீழே நின்று நின்று போனேன்.

எங்கள் ஆட்களுக்கு இந்தப் படிப்பு பெரிய பகிடி. ஒரு பிறந்தநாள் விழாவில் அப்பாவின் நண்பர் ஒருவர் கேட்டார்:

"என்ன பிள்ளை படிக்கிறாய்?"

"வயசு போறதைப் பற்றி, மாமா."

"அது சும்மா இருந்தாலே வரும். அதுக்கேன் யூனிவர்சிற்றிக்கு ஓடுறாய்?"

பக்கத்தில் மீசைக்கு மை பூசியிருந்த இன்னொருவர், "எங்கடை ஆக்களை வைச்சுப் படிக்க ஏலாது பிள்ளை. எங்களிலை ஒருத்தருக்கும் இன்னும் வயசு போகேல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. எண்பதுகளில் இளம் ஆட்களாக ஓடி வந்தவர்கள் நாங்கள். எங்களோடு கிழவர்கள் வரவில்லை. ஒரு ஊருக்கே வயதாவது எப்படியிருக்கும் என்பதை இனித்தான் பார்க்கவேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் அந்தப் பிரிவின் வைத்தியர் என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும் ஜேர்மன் பெண்மணி. நாளை ஒரு தமிழ் அம்மா பரிசோதனைக்கு வருகிறார், அவருக்கு ஜேர்மன் தெரியாது, கணவர் மொழிபெயர்க்கிறேன் என்கிறார், ஆனால் இந்தப் பரிசோதனையில் குடும்பத்தவர் மொழிபெயர்க்கக் கூடாது, நீ வருகிறாயா என்றார். ஓம் என்றேன். ஒரே ஒரு விதி சொன்னார்: அறையில் எது பேசப்பட்டாலும் அது மற்ற மொழியிலும் சொல்லப்படவேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

காலையில் காத்திருக்கும் அறையில் பார்த்தால், எனக்குத் தெரிந்தவர்கள், நான் அங்கிள், அன்ரி என்று கூப்பிடும் கணவனும் மனைவியும். அந்தப் பகுதியில் அங்கிளைத் தெரியாத தமிழர் இல்லை. ஜேர்மனியின் பெருந்தெருப் பெயரைச் சேர்த்து 'ஓட்டோபான் அண்ணை' என்பார்கள். அறுபதைத் தாண்டியவர். ஒரு பழைய வான் வைத்திருந்தார். யாராவது இலங்கைக்குப் போனால் பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு அவர்தான். டோர்ட்முண்டில் கலியாணம் என்றாலும் அவர்தான். வரைபடம் பார்த்ததில்லை, யாரிடமும் வழி கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் அயலிலுள்ள பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நூரன்பேர்க்கில் நடந்த தமிழ்ப் பள்ளிக்குப் போய், முடியும்வரை வாசலில் நின்று, திரும்பக் கூட்டிவருவார். அதற்கு யாரும் கேட்டதுமில்லை, அவர் மறுத்ததுமில்லை.

அன்றைக்கும் வான் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அன்ரி, கம்பளிக் கோட்டின் பொத்தானெல்லாம் போட்டபடி, நெற்றியில் சின்னப் பொட்டோடு நேராக இருந்தார்.

"நீயோ டொல்மெச்சர்?" என்றார் அங்கிள். மொழிபெயர்ப்பாளருக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லும் ஜேர்மன் சொல் அது. "இருவது வருசமா இவவுக்கு நான்தான் டொல்மெச்சர். விசாவுக்கு, பல்லுப் பிடுங்க, பிள்ளைப்பேத்துக்கு, எல்லாத்துக்கும். இண்டைக்கு என்னை வேலையாலை நிப்பாட்டிப்போட்டினம்."

"சோதினைக்கு மட்டும்தான் அங்கிள்."

"சரி சரி. மனுசிக்கு மறதியாம். இனி எனக்குச் சமைச்சுப் போட்டதையும் மறந்து திருப்பிப் போடுவா. எனக்கு நல்லதுதான்."

அன்ரி சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "பிள்ளை, அவரும் உள்ளை இருக்கவேணும் எண்டு டொக்டரிட்டைச் சொல்லு. அவர் இல்லாட்டி நான் வரேல்லை" என்றார்.

வழக்கமாகத் துணையை வெளியே அனுப்பிவிடுவார்கள். அன்ரி பிடிவாதமாக நின்றதால் வைத்தியர் இணங்கினார். ஆனால் உதவி செய்யக்கூடாது என்று சொல்லி, அங்கிளை யன்னலோரம், அன்ரிக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருத்தினார்.

பரிசோதனை தொடங்கியது. முதல் கேள்வி, இன்றைக்கு என்ன கிழமை.

அன்ரி நெற்றியைச் சுருக்கினார். பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். "இஞ்சருங்கோ, இண்டைக்கு என்ன கிழமை?"

"உம்மைத்தானே கேக்கினம். நான் சொன்னால் டொக்டர் எனக்கெல்லோ அடிப்பா."

"தெரியாது பிள்ளை" என்றார் அன்ரி. நான் வைத்தியரிடம், தெரியாதாம் என்றேன்.

என்ன மாதம்?

"இஞ்சருங்கோ, என்ன மாசம்?"

"யன்னலாலை பாருமன். மழை மாசம்."

நாங்கள் எத்தனையாம் மாடியில் இருக்கிறோம்?

"இஞ்சருங்கோ, எத்தினையாம் மாடி?"

"லிஃப்டிலை வந்த ஆக்களுக்கு மாடி ஏன்?"

ஒவ்வொன்றுக்கும் இப்படித்தான். அன்ரி திரும்புவார், அங்கிள் பகிடி விடுவார், கடைசியில் 'தெரியாது' வரும், அதை நான் ஜேர்மனில் சொல்வேன். இடையில் நடந்த பேச்சைச் சொல்லவில்லை. புருசன் பெண்சாதி கதை, அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

என் கவனம் வேறு இடத்தில் இருந்தது. கேள்வி கேட்டதும் துணையின் பக்கம் தலை திரும்புவது மறதி நோயின் நன்கு அறியப்பட்ட அடையாளம் என்று வகுப்பில் படித்திருந்தோம். அது என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. படத்தில் மட்டுமே பார்த்திருந்த ஒரு பறவை யன்னல் விளிம்பில் வந்து இருந்த மாதிரி எனக்குள் ஒரு பரபரப்பு.

அடுத்தது கணக்கு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவேண்டும். நான் கேள்வியைச் சொல்லி முடித்ததும் அன்ரி மளமளவென்று கழிக்கத் தொடங்கினார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அடுத்த எண் வந்து விழுந்தது. நடுவில் சட்டென்று நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வைத்தியரின் புருவம் உயர்ந்தது.

பிறகு வைத்தியர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். வலது கையால் வாங்கி, இரண்டாக மடித்து, நிலத்தில் வைக்கவேண்டும். அன்ரி வாங்கினார், அழகாக மடித்தார், நிலத்தைப் பார்த்தார்.

"கீழையோ? தாளையோ?"

"சொன்னதைச் செய்யுமன்" என்றது பின் கதிரை.

"நீங்கள் வந்து வையுங்கோவன்."

தாளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கையை மேலே மூடினார். கால் படும் இடத்தில் நாங்கள் தாளை வைப்பதில்லை, அது படிப்பு என்று வைத்தியருக்கு விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு அந்தப் புள்ளியைக் கொடுத்தார்.

இடைவேளை வந்தது. அங்கிள் கோப்பி எடுத்துவரப் போனார். நானும் அன்ரியும் நடைபாதை வாங்கில் இருந்தோம். தாதி ஒருவர் தட்டில் பாண் கொண்டுவந்தார், நடுவில் பன்றி இறைச்சித் துண்டு வைத்தது. அன்ரி உடனே கையை உயர்த்தினார்.

"வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. மச்சம் சாப்பிடுறேல்லை."

தாதி போய்விட்டார். நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்துகளைப் பார்த்தார்.

"அன்ரி, இண்டைக்கு என்ன கிழமை எண்டு தெரியாதெண்டனீங்கள்."

நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு மறதியில்லை பிள்ளை. அவருக்கு."

பிறகு, யாரோ துரத்துகிற மாதிரி வேகமாகச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி முடிந்து வந்துகொண்டிருக்கிறார்கள். பின்னால் பிள்ளைகள், முன்னால் அன்ரி. இறங்கவேண்டிய வழியில் அங்கிள் இறங்கவில்லை. அடுத்ததிலும் இறங்கவில்லை. ஓட்டோபானில் ஓடிக்கொண்டே இருந்தார். வூர்ஸ்பேர்க் என்ற பலகைகள் வரத் தொடங்கின. அன்ரி கேட்டதும், "பெடியளுக்கு இண்டைக்கு ஒரு சுத்து!" என்று பின்னால் பார்த்துச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார்.

"பெடியள் சாப்பிட்டுக்கொண்டு நிக்குதுகள். என்னைத் தள்ளிக் கூப்பிட்டு, 'இஞ்சேரும், நாங்கள் இப்ப ஆரின்ரை வீட்டை போறம்?' எண்டு கேட்டார். பகிடியாக்கும் எண்டு நினைச்சன். ஆனா நான் சொல்லும்வரைக்கும் மனுசன் வானிலை ஏறேல்லை."

"அப்ப ஏன் குடும்ப டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

அன்ரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எப்பிடிச் சொல்லுறது? நான் சொல்லுறதை டொக்டருக்குச் சொல்லுறவர் அவரெல்லோ!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருபது வருடமாக இந்த நாட்டில் அன்ரியின் வாய் அங்கிளின் வாய்தான். அவரைப் பற்றி ஒரு முறைப்பாடு சொல்வதென்றாலும் அது அவர் வழியாகத்தான் போகவேண்டும்.

"அதாலைதான் எனக்கு மறதியெண்டு சொன்னன். அதை அவர் நல்ல வடிவா டொக்டருக்குச் சொன்னார். எனக்கெண்டால் கூட்டிக்கொண்டு வருவார். தனக்கெண்டால் செத்தாலும் வரமாட்டார். லண்டனிலை மகளிட்டைச் சொன்னால், அப்பா போனிலை நல்லாத்தானே கதைக்கிறார் எண்டுறாள்."

"நான் டொக்டரிட்டைச் சொல்லட்டோ?"

"ஐயோ வேண்டாம்!" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நான் கோள் சொன்னனெண்டு தெரிஞ்சால் மனுசன் தாங்காது. டொக்டர் தானாக் கண்டுபிடிக்கட்டும். அதுக்குத்தானே அவ படிச்சவ. நாளைக்குச் சனிக்கிழமை பிள்ளை. விடிஞ்சால் பெடியள் புத்தகப் பையோடை வாசல்லை வந்து நிக்குங்கள்."

அங்கிள் வந்துகொண்டிருந்தார், இரண்டு கையிலும் கோப்பி, போன திசைக்கு எதிர்த் திசையிலிருந்து. "இந்த ஆஸ்பத்திரியைக் கட்டினவனைத்தான் சோதிக்கவேணும். வாசலை எங்கை வைச்சதெண்டு மறந்துபோய்க் கட்டியிருக்கிறான்" என்றார். கோப்பி ஆறிப்போயிருந்தது.

அந்தச் சில நிமிடங்கள் என் உடம்புக்குள் நான் இருக்க இடம் போதவில்லை. சொன்னால் அன்ரியை ஏமாற்றிவிடுவேன். சொல்லாவிட்டால் நாளை காலை அந்தப் பிள்ளைகள் வானில் ஏறுவார்கள். குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். தண்ணீர் வழிய வழியக் கண்ணாடியைப் பார்த்தபோது, அன்ரி கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டதெல்லாம் வரிசையாக நினைவில் ஓடியது. கிழமை. மாதம். மாடி. அவர் உதவி கேட்கவில்லை. வைத்தியரின் ஒவ்வொரு கேள்வியையும் வாங்கி, வைத்தியரின் முன்னாலேயே அங்கிளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கிள் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை, பகிடிதான் விட்டார். வைத்தியர் செய்யவேண்டியிருந்த பரிசோதனை தமிழில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அது மட்டும்தான் ஜேர்மனுக்குப் போய்ச் சேரவில்லை.

உள்ளே போனதும் வைத்தியரிடம் சொன்னேன்: இவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசியதை நான் இதுவரை சொல்லாமல் விட்டுவிட்டேன். இனி எல்லாவற்றையும் சொல்கிறேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, நிச்சயமாக, அதுதானே விதி என்றார்.

தொடக்கத்தில் மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். இப்போது அவற்றைக் கேட்டார்கள்.

"இஞ்சருங்கோ, அந்த மூண்டு சொல்லும் என்ன?"

"உம்மடை மூளையையும் நானோ காவிக்கொண்டு திரியிறது?"

இரண்டையும் ஜேர்மனில் சொன்னேன். வைத்தியர் மெல்லச் சிரித்தார். அன்ரி என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் வைத்தியரின் கேள்விகளுக்காகக் காத்திருக்கவில்லை. கதிரையைச் சற்றுத் திருப்பிக்கொண்டு தானே கேட்கத் தொடங்கினார். குரல் வீட்டில் பேசுகிற குரலாக இறங்கியது.

"இஞ்சருங்கோ, இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டனாங்கள்?"

"நீர் போட்டதை."

"மகள் கடைசியா எப்ப போன் எடுத்தவள்?"

"காசு தேவைப்பட்டாப்போலை."

வைத்தியரின் பேனா நின்றுவிட்டது. அவர் இப்போது பார்த்துக்கொண்டிருந்தது நோயாளியை அல்ல.

"நாங்கள் இஞ்சை எதிலை வந்தனாங்கள்?"

"வானிலை. வேறையென்ன, பறந்தோ?"

"வானை எங்கை விட்டனீங்கள்?"

அங்கிள் வாயைத் திறந்தார். கை சட்டைப் பைக்குப் போய்த் திறப்பைத் தடவியது. யன்னலுக்கு வெளியே பார்த்தார். பகிடி வரவில்லை. கேள்வியை ஜேர்மனில் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அதற்கு மேல் நான் சொல்வதற்கு எதுவும் வரவில்லை.

வைத்தியர் பேனாவை மூடி வைத்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் துணையிடமும் இதே கேள்விகளைக் கேட்பதுண்டு, உங்கள் மனைவியின் பயமும் குறையும், நீங்களும் இந்தக் கதிரையில் ஒருமுறை இருப்பீர்களா என்று அங்கிளிடம் நேரே ஜேர்மனில் கேட்டார். அங்கிள் எழுந்து, "க்ளார், ஃபிராவ் டொக்டர், கைன் ப்ரொப்லேம்" என்றார். அதற்கென்ன, ஒரு பிரச்சினையுமில்லை என்று அர்த்தம்; இருபது வருடமாக எல்லா அலுவலகத்திலும் சொல்லிச் சொல்லி வழவழப்பான வார்த்தைகள். அன்ரி எழுந்து இடம் விட்டார்.

அந்தக் கதிரையில் இருந்ததும் அங்கிள் சிறுத்துப்போன மாதிரி இருந்தது. கிழமை கேட்டபோது அவர் தலை தானாக அன்ரியின் பக்கம் திரும்பியது. அன்ரி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாதத்துக்கும் திரும்பினார். அன்ரி திரும்பவில்லை, அவர் கழுத்து நரம்பு மட்டும் இழுபட்டு நின்றது. வாழ்க்கை முழுக்கக் கேட்காமலே எடுத்துக் கொடுத்த ஒருவர், கொடுக்காமல் நிற்பது எவ்வளவு பாரமான வேலை என்று அன்று பார்த்தேன்.

தாளைக் கொடுத்தார்கள். அங்கிள் வலது கையால் வாங்கினார், இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். பிறகு பத்திரமாகத் தன் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார். இந்த நாட்டில் அரசாங்கக் கந்தோர்கள் கொடுத்த எல்லாத் தாள்களையும் அவர் அப்படித்தான் வைத்திருப்பார்.

கடைசியாக, இங்கிருந்து உங்கள் வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டார் வைத்தியர். அங்கிளுக்கு முகம் மலர்ந்தது. அவரது துறை. எந்தப் பெருந்தெருவில் ஏறுவது, எந்தச் சந்தியில் மாறுவது, எந்த இடத்தில் காவல்துறையின் கமெரா நிற்கும், எந்த நேரத்தில் போனால் நெரிசல் என்று ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க அழகாக இருந்தது. அவர் போய் நிறுத்திய இடம் பிராங்பேர்ட் விமான நிலையம்.

நிறுத்திய பிறகு அவருக்கே ஏதோ பிழை என்று பட்டிருக்கவேண்டும். "பிறகு இவவைக் கேளுங்கோ" என்று தமிழில் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன்.

வைத்தியர் நல்ல மனிதர். மேலும் சில பரிசோதனைகள் செய்யவேண்டும், இரண்டு பேருக்கும் சேர்த்தே டெர்மீன், அதாவது வரவேண்டிய நாளும் நேரமும், தருகிறேன், அவை முடியும்வரை இரண்டு பேரும் வாகனம் ஓட்டக்கூடாது என்றார்.

"அவவுக்கு லைசென்சே இல்லை, ஃபிராவ் டொக்டர்" என்றார் அங்கிள்.

"அப்படியென்றால் உங்கள் மனைவிக்கு இது சுலபம்" என்றார் வைத்தியர்.

அங்கிள் சிரித்தார். பிறகு திறப்பைப் பையிலிருந்து எடுத்து, வைத்தியரிடமும் கொடுக்காமல், அன்ரியிடமும் கொடுக்காமல், என்னிடம் நீட்டினார். "நீ ஓடுவியோ?"

அந்த வருடம்தான் எனக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. வானைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அன்ரி பின்னால், அங்கிள் என் பக்கத்தில். மழை தூறிக்கொண்டிருந்தது. அங்கிளின் வலது கால் முழு வழியும் இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

"மூண்டாங் கியருக்கு மாத்து பிள்ளை. எஞ்சின் அழுகுது, கேக்கேல்லையோ?"

"பிள்ளையைப் பேசாமல் இருங்கோ" என்றது பின் இருக்கை. "அடுத்ததிலை இறங்கு பிள்ளை. வலப் பக்கம்."

வீட்டு வாசலில் அன்ரி முதலில் இறங்கி, கதவைத் திறந்து விளக்கைப் போடப் போனார். அங்கிள் இறங்கி வானின் பக்கத்திலேயே நின்றார். அதன் கூரையில் ஒட்டியிருந்த ஈர இலை ஒன்றை எடுத்துப் போட்டார்.

"அன்ரிக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"இல்லை அங்கிள். ஒண்டுமில்லை."

"எனக்குத் தெரியும். அவவுக்கு மறதியாம்! எங்கடை கலியாணத்தண்டு என்ரை தமையன் சொன்ன ஒரு கதையை இண்டைக்கும் ஒரு சொல்லுப் பிசகாமல் சொல்லிக் குத்துறவ."

 "அப்ப ஏன் அங்கிள் வந்தனீங்கள்?"

"மனுசி எவ்வளவு கஷ்டப்பட்டு மறந்தவ. நான் வராமல் விடலாமோ?" உள்ளே விளக்கு எரிந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியுமெண்டு அவவிட்டைச் சொல்லிப்போடாதை. பாவம்."

ரயில் நிலையத்துக்கு நடந்துதான் போனேன். குடை இல்லை. தலையில் மழை விழுந்துகொண்டிருப்பது பாதி வழியில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று மாலையே அன்ரி பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்திருக்கிறார். எனக்குச் சுகமில்லை, மறதி வருத்தமாம், அவர் இனி என்னோடேயே நிற்கவேணுமாம், வான் ஓட ஏலாதாம் என்று சொன்னாராம். அடுத்த நாள் பிள்ளைகளின் தகப்பன்மார் முறை வைத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் வான் விற்கப்பட்டது.

ஊர் அதை நம்பியது. "பாவம் அந்த மனுசி. ஆனா மனுசன் தங்கம். பெண்சாதிக்காக வானையே வித்துப்போட்டாரப்பா" என்று விழாக்களில் பேசிக்கொண்டார்கள். என்னிடமே சொன்னார்கள், வயதாவதைப் படிக்கிறவள் என்று. அங்கிள் ஏதாவது மாறிச் சொன்னால், "அக்காவோடை கிடந்து அண்ணையும் குழம்பிப்போனார்" என்பார்கள். அன்ரியிடம் பெண்கள் கிட்டப் போய், சத்தமாகவும் மெதுவாகவும், "அக்கா, நான் ஆர் தெரியுதோ?" என்று கேட்பார்கள். அன்ரி கொஞ்சம் யோசிப்பார். பிடித்தவர்களென்றால் சரியான பெயர் வரும். பிடிக்காதவர்களென்றால், அவர்களுக்கு ஆகவே ஆகாத இன்னொரு பெண்ணின் பெயரைச் சொல்லி அன்போடு கன்னத்தைத் தடவுவார். அப்போது அவர் கண் ஒரு தரம் என் பக்கம் வந்து போகும். அந்த நாட்களில் அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அங்கிளின் நோய் வேகமாக முற்றியது. இறுதியில் அவர் அன்ரியையும் ஒரு தாதியென்று நினைத்து ஜேர்மனில் நன்றி சொல்வாராம். 2009இல் காலமானார். செத்த வீட்டில் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, அன்ரியின் கையைப் பிடித்து, தாங்கள் யாரென்று மெதுவாகச் சொன்னார்கள். அன்ரி ஒவ்வொருவருக்கும், முதல் தடவை கேட்கிற மாதிரித் தலையாட்டினார். அன்றைக்கு ஒருவர் பெயரையும் மாற்றிச் சொல்லவில்லை.

கூட்டம் குறைந்த பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தினார். "ஒரு சந்தோசம் பிள்ளை. நான் நடிச்சதெண்டு கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது."

அந்த இடத்தில், அந்தக் கணத்தில், உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா, அல்லது மிச்சமிருந்த ஒரே பொருளையும் பறித்த மாதிரி ஆகியிருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஓம் அன்ரி" என்றேன்.

இப்போது அவரும் இல்லை, அதனால்தான் இதை எழுத முடிகிறது. முதுமையியலில் சித்தியடைந்தேன், அதை வைத்து எந்த வேலையும் பார்க்கவில்லை, ஊர் ஊராக வீடு மாறி, வரி வரியாக எழுதி அழித்து, நாற்பதையும் தாண்டிவிட்டேன். தெரிந்தவர்களின் பெயர்கள் நாக்கு நுனியில் வந்து நின்றுவிடுகிற இந்த வயதில் என் மறதியை நினைத்து எனக்கு அவ்வளவு பயமில்லை. அது வந்து கதவைத் தட்டும்போது, 'அது எனக்குத்தான் வந்திருக்கிறது' என்று எழுந்து போய்த் திறக்க ஒருவர் பக்கத்தில் இருப்பாரா என்பதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.